கட்ஸ் தெரிய வேண்டுமாம்

தண்ணீர் கேட்பவனுக்கு இல்லையென்று சொல்வதற்கென்றே ஓர் ஆளை வைப்பார்கள் என்பது போன வருஷத்து ஆணழகன் போட்டி வரைக்கும் எனக்குத் தெரியாது. போட்டிக்குப் போகிற ஒவ்வொருவனும் கூட ஒருவனைக் கூட்டிப்போக வேண்டும். பாய், துண்டு, வாழைப்பழம், தேன் பாட்டில், உடம்பில் பூசுகிற பழுப்புக் கலர் எல்லாவற்றையும் அவன் தூக்கிக்கொண்டு வருவான். பார்க்கிறவர்களுக்கு அவன் பை தூக்குகிறவன். ஆனால் உண்மையான வேலை வேறு. தண்ணீர் பாட்டில் அவன் கையில் இருக்கும். மேடை ஏறி இறங்கும் வரைக்கும் போட்டிக்காரன் காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் அதைக் கொடுக்கக் கூடாது. சிநேகிதனை வைத்தால் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவானாம். கூடப்பிறந்தவன் என்றால் பொறுப்பாக இருப்பானாம். அதனால் என் தம்பிக்குத் தண்ணீர் தராமல் இருக்கிற வேலையை ஜிம் மாஸ்டர் எனக்கே கொடுத்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

நான் சென்னீர்குப்பத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை அணைத்தார்களா என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறேன். அம்மா இரண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் எனக்குச் சோறு இறங்காது. தம்பி அப்படி இல்லை. எதற்கும் அஞ்ச மாட்டான். பாரிவாக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் ஜிம் பார்த்துக்கொள்கிறான். ஐடி வேலைக்காரர்களுக்கு டம்பெல் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது அவன் பிழைப்பு. மாவட்டப் போட்டியில் அவன் எடைப் பிரிவில் ஒரு தடவை முதலாவது வந்துவிட்டால் பெரிய ஜிம்மில் கோச்சாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த மேடை வேண்டும். எனக்கு அவன் முழுசாகத் திரும்பி வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டை மொத்தமும் இதுதான்.

தசை தனித்தனியாகப் பிரிந்து வரி வரியாகத் தெரிவதை ஜிம்மில் கட்ஸ் என்பார்கள். கட்ஸ் தெரிய வேண்டுமென்றால் தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருக்கிற தண்ணீரை வெளியே தள்ள வேண்டும் என்பது மாஸ்டரின் வேதம். ஹார்டுவேர் கடை மாடியில் அவர் ஜிம். ஒரு காலத்தில் அவரும் ஆணழகன்தான், இப்போது பனியனுக்குள் தொப்பை மட்டும் ஆணழகாக இருக்கிறது. அவர் போட்டுக்கொடுத்த திட்டம் இப்படி: முதலில் சில நாள் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது. அப்போது உடம்பு தண்ணீரை வெளியே விட்டுப் பழகிவிடுமாம். பிறகு உப்பை நிறுத்துவது. கடைசியில் தண்ணீரையும் சட்டென்று நிறுத்துவது. நிறுத்தியது தெரியாமல் உடம்பு பாட்டுக்கு இருக்கிறதையும் வெளியே விட்டுக்கொண்டே இருக்குமாம். சொந்த உடம்பை ஏமாற்றுவதை ஒரு வித்தை மாதிரி சொல்லிக்கொடுத்தார்.

கேட்டதும் வண்டியை எடுத்தேன். ஜிம்முக்கே போய்க் கேட்டேன்.

“மாஸ்டர், தண்ணியே குடிக்கலன்னா ஒண்ணும் ஆவாதா?”

“அண்ணாத்தே, கோழிக் கடைக்குப் போறே. தோலோட தொங்கினு கீற கோழில சதை தெரியுதா? தோலு சதை மேல ஒட்டணும். நடுவுல கீற தண்ணி போவணும். அவ்ளோதான் மேட்டரு.”

“உப்பு இன்னாத்துக்கு நிறுத்தணும்?”

“உப்பு தண்ணிய இஸ்து வெச்சிக்கும்.”

“மயக்கம் கியக்கம் வந்துட்டா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ எத்தினியாவது படிச்சே?”

“எட்டு.”

“நானு பத்து. உக்காரு.”

ஜிம்மே சிரித்தது. தம்பியும் சிரித்தான். பத்தாவதில் அவர் பாஸா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

வீட்டில் அந்த வாரம் நரகம். வெந்த கோழி, வெந்த முட்டை, வெந்த காய், எதிலும் ஒரு கல் உப்பு கிடையாது. “உப்பில்லாம துன்றதுக்கு நீ இன்னாடா சீக்காளியா?” என்று அம்மா கத்தினாள். “சீக்காளிக்கே கொஞ்சம் போடுவாங்கம்மா” என்றேன் நான். மனசு கேட்காமல் அம்மா ஒரு நாள் கோழியில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டாள். வாயில் வைத்ததுமே தம்பிக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு அவ்வளவு கூர்மையாகிவிட்டிருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “என்ன ஜெயிக்க உடக் கூடாதுன்னு ஊடே சேந்து பிளான் போடறீங்களா?” என்றான். அம்மா அந்தத் தட்டை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, அவன் பேச்சே கடுகடுவென்று மாறிவிட்டிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று வயிற்றுத் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பான். “தெரியுதாண்ணா?” என்று கேட்பான். எனக்கு எலும்புதான் தெரிந்தது. தெரியுது என்றேன்.

போட்டி வேப்பம்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். காலை பத்து மணிக்குத் தொடக்கம் என்று நோட்டீஸில் அடித்திருந்தார்கள். மாஸ்டரும் பத்து மணியை வைத்துத்தான் கணக்குப் போட்டு, முந்தின நாள் மத்தியானமே தண்ணீரை நிறுத்தினார். பத்து மணிக்கு நோட்டீஸ் அடித்தால் பத்து மணிக்கு ஆரம்பித்துவிடுவார்களா? இந்த ஊரில் எந்த விழா அப்படி ஆரம்பித்திருக்கிறது? காது குத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டாகப் போகிற ஜனங்கள், உயிர்த் தண்ணீரை மட்டும் நோட்டீஸை நம்பி நிறுத்துகிறார்கள்.

காலையில் என் வண்டியிலேயே போனோம். கலர் பூசின உடம்பு எதிலும் உரசக் கூடாது, உரசினால் திட்டுத் திட்டாக அழிந்துவிடும். அதனால் தம்பி சீட்டில் உட்காரவில்லை. பின்னால், நான் சிமெண்டு மூட்டை ஏற்றுகிற இடத்தில், பழைய பெட்ஷீட்டை விரித்துக் கையைக் காலை அகட்டிக்கொண்டு படுத்தான். வழியில் எத்தனை பள்ளம், எத்தனை ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆவடி சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணாத்தே, செலைய எங்க எத்தினு போறே?” என்றான். தம்பி படுத்தபடியே சிரித்தான். உதடு வெடித்து லேசாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

மண்டபத்தில் எடை பார்த்தார்கள். ஜட்டியோடு அவன் தராசில் நின்றபோது, பொய் சொல்ல மாட்டேன், அவனைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. தோளும் தொடையும் கயிறு கயிறாக இருந்தன. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதே மேடையில் ஏற்றியிருந்தால் அவன் கேட்டது கிடைத்திருக்கும்.

ஏற்றவில்லை. சிறப்பு விருந்தினராக வர வேண்டிய கட்சிக்காரர் இன்னும் வரவில்லையாம். அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றாமல் ஒருவனும் மேடை ஏறக் கூடாதாம்.

போட்டிக்காரர்களையெல்லாம் கீழே சாப்பாட்டு ஹாலில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். கரண்ட் போய் ஃபேன் ஓடவில்லை, ஜெனரேட்டர் மேல் ஹாலுக்கு மட்டும்தானாம். பக்கத்துச் சமையல்கட்டில் விருந்தினர்களுக்காக பிரியாணி. மேலே ஹாலில் நாற்காலி நாற்காலியாக மோர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டுக் கீழே போட்ட பாக்கெட்டுகள் படிக்கட்டெல்லாம் கிடந்தன. கீழே இத்தனை பேர் நாக்கு ஒட்டிக் கிடக்கிறார்கள்.

மாஸ்டர் அவ்வப்போது வந்து சேதி சொன்னார். “வண்டி ஆவடி தாண்டிடுச்சு, ரெடியா இரு.” கொஞ்ச நேரம் கழித்து, “பட்டாபிராம்ல நிக்கறாராம். ஒரு கட ஓப்பனிங்.” அப்புறம், “திருநின்றவூர் வந்துட்டாரு, எந்திரி எந்திரி, பம்ப் அடி.” எல்லோரும் எழுந்து சதை புடைப்பதற்காகத் தண்டால் எடுத்தார்கள், ரப்பரை இழுத்தார்கள். திருநின்றவூரில் யார் வீட்டிலோ சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம். மறுபடியும் படுத்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் என் தம்பி உடம்பு மாறத் தொடங்கியது. காலையில் புடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு காற்றுப்போன டியூப் மாதிரி தொய்ந்தது. எவ்வளவு தண்டால் எடுத்தாலும் சதை எழும்பவில்லை. நரம்பு உள்ளே போய்விட்டது. தண்ணீர் போனால் கட்ஸ் வரும் என்றார்கள், தண்ணீரோடு சதையும் போய்க்கொண்டிருந்தது. அது என் கண்ணுக்கே தெரிந்தது, இத்தனை வருஷம் உடம்பையே பார்த்துப் பிழைக்கிற மாஸ்டருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு வியர்த்து, கலர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. தம்பிக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, “பாத்தியா, நம்ம பையனுக்குக் கலர் கலையவே இல்ல! இதான் பக்கா டிரை!” என்று முதுகில் தட்டினார். அந்தப் புழுக்கத்தில் ஒரு உடம்பு வியர்க்காமல் இருக்கலாமா என்று நான் துண்டால் விசிறத் தொடங்கினேன்.

பிறகு கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டான். நீவிவிட்டேன், விட்டது. அடுத்து விரல்கள். வலது கை விரல்கள் தானாக மடங்கி, பறவைக் கால் மாதிரி ஆகிவிட்டன.

போதும் என்று பாட்டிலைத் திறந்தேன். “குடிடா.”

தலையைத் திருப்பிக்கொண்டான். “வேணாண்ணா.”

“ஒரே ஒரு வாய். தொண்டைய நனச்சுக்க.”

“இன்னும் பத்து நிமிசம்ணா. இப்ப குட்ச்சா எல்லாம் போயிடும். மாஸ்டர் சொல்லிக்கிறாரு.”

“மாஸ்டர் மேல ஏசில மோர் குட்ச்சுனு கீறான்டா!”

வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நான் பாட்டிலை உதட்டில் வைத்து அழுத்தினேன், அந்த மடங்கின கையாலேயே தட்டிவிட்டான். தண்ணீர் பாயில் கொட்டியது. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. தாகத்தில் சாகிறவன் தண்ணீரைத் தட்டிவிடுகிறான். அவனாகவே தட்டிவிடுகிற அளவுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அப்புறம் பாட்டில் பிடிக்க அண்ணன்காரன் எதற்கு?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு விருந்தினர் வந்தார். நூற்றுக்கணக்கில் பொன்னாடை. தொண்டர் ஒவ்வொருவராக மேடை ஏறிப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். உடல் ஆரோக்கியத்தைப் பற்றி அவர் பேசினார். இளைஞர்கள் உடம்பைப் பேண வேண்டும் என்றார். கைதட்டினார்கள்.

தம்பியின் பிரிவைக் கூப்பிட்டார்கள். படியேறும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டான். வரிசையில் நின்று முன்பக்கம் காட்டினான், பக்கவாட்டில் காட்டினான். அவன் உடம்பு தோல் போர்த்தின குச்சி மாதிரி இருந்தது. பின்பக்கம் திரும்பச் சொன்னார்கள். திரும்பிக் கைகளைத் தூக்கினான். தொடை இரண்டும் ஒன்றாக இழுத்துக்கொண்டன. முழங்கால் மடங்காமல், கட்டை சாய்வது மாதிரி, அப்படியே விழுந்தான்.

நான் எப்படி மேடையில் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவன் நான். மைக்கில் ஒருவன், “வெளியாட்கள் மேடையில் ஏற வேண்டாம், வெளியாட்கள் தயவுசெய்து இறங்கவும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். “யார்றா வெளியாளு?” என்று கத்தினேன். அது மைக்கில் விழுந்து மண்டபமே கேட்டது. தம்பியை அப்படியே தோளில் போட்டேன். அந்த எடைக்கு அவன் எனக்குக் கனமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் சட்டை முழுக்கப் பழுப்புக் கலர்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. அவனைப் பார்த்ததும் தீயில் வெந்தவன் என்று முதலில் பதறினார். கலர் என்று சொன்னேன். ஊசி குத்த நரம்பே அகப்படவில்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டி ஓடவிட்டுப் பார்த்தார்கள். பேப்பரைப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திட்டிய திட்டு என் பள்ளிக்கூடத்தில்கூட வாங்கினதில்லை.

“நீங்க கூடப் பொறந்தவர்தானே? பாத்துக்கிட்டு சும்மா இருந்தீங்களா?”

“தோலுக்கு அடியில இருக்கற தண்ணிதான் போவும்னாங்க மேடம்.”

“தண்ணி என்ன அட்ரஸ் பாத்துப் போகுமா? ரத்தத்துல இருந்து போகும், சதையில இருந்து போகும். சதையில முக்காவாசி தண்ணிதான். அது போனா சதை எங்க தெரியும்? உப்பை நிறுத்துனா உடம்பு பயந்துபோய் இருக்கிற தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கப் பாக்கும். அப்புறம் தண்ணியையும் நிறுத்துறது. கால் இழுத்துக்கிச்சு, கை இழுத்துக்கிச்சுன்றீங்க. ஹார்ட்டும் சதைதான். அது இழுத்துக்கிட்டா?”

அந்தக் கேள்வி இன்னும் என் தலைக்குள்தான் இருக்கிறது. வண்டி ஓட்டும்போது வரும், சாப்பிடும்போது வரும்.

பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் அவன் கைக்குள் இறங்கியது. அம்மா கஞ்சியில் தாராளமாக உப்புப் போட்டு எடுத்து வந்தாள். அவன் மறுக்கவில்லை. பழுப்பு முகத்தோடு ஊறுகாயைத் தொட்டுத் தொட்டுக் குடித்தான். விடிந்து, நர்ஸ் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போன பிறகு பார்க்கிறேன், என் தம்பி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான், உடம்பு அப்படியே எழும்பி நிற்கிறது. தோள் உருண்டு, நெஞ்சு பிளந்து, கையில் நரம்பு மரத்து வேர் மாதிரி ஓடி. மண்டபத்தில் காலையில் பார்த்ததைவிட அழகு. பக்கத்துக் கட்டில் பெரியவர் தன் டீயை மறந்துவிட்டார்.

“இன்னா நைனா, பயில்வானா? உன்ன இன்னாத்துக்கு இங்க படுக்க வெச்சிக்கிறாங்க? எங்கள தூக்கி வுடறதுக்கா?”

வார்டே சிரித்தது. தம்பி வெட்கப்பட்டுக் கையை மடக்கிக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதைக் கொடுக்கக் கூடாது என்று என்னைக் காவல் வைத்தார்களோ, அதே உப்பும் தண்ணீரும்தான் அவனை இப்படி ஆக்கியிருந்தன. மேடையில் ஏறும்போது இது இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்து என்ன பிரயோஜனம்?

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் வந்தார். கையில் பிரெட் பாக்கெட். தம்பியைச் சுற்றி வந்து பார்த்தார். கண் விரிந்தது.

“சூப்பர்டா! பாரு, நா சொன்னேன் இல்ல? தண்ணி கட் பண்ணது இன்னிக்குத்தான் வேலை செய்யுது. உன் பாடி கொஞ்சம் ஸ்லோ. அடுத்த தபா ஒரு நாளு முன்னாடியே நிறுத்திடலாம்.”

இந்த மனுஷனுக்கு என்ன மூளை? பக்கத்தில் சலைன் பாட்டில் தொங்குகிறது. அது அவர் கண்ணில் படவே இல்லை. அதைவிட மோசம், தம்பி யோசனையாகத் தலையை ஆட்டினான்.

பிரெட்டை வாங்கி அவர் மேலேயே வீசினேன். “இன்னொரு தபா என் தம்பி வாயில கை வெச்சே, உன்னத் தூக்கி இதே கட்டில்ல போடுவேன்யா! நீ ஒரு நாளு இரு தண்ணி இல்லாம. உப்பு இல்லாம இரு. அந்த ஆளு கார் வர்ற வரைக்கும் இரு!”

“அண்ணாத்தே, படிக்காதவன் மாதிரிப் பேசாத.”

“படிக்காதவன்தான்யா! படிக்காதவனுக்கே தெரியுது!”

நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளினார். வராந்தாவில் நின்றுகொண்டும் நான் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு கத்தினது அதுதான்.

தம்பி என்னோடு பல வாரம் பேசவில்லை. மாஸ்டரை அவமானப்படுத்திவிட்டேனாம். ஊரெல்லாம் அவன் விழுந்த வீடியோ சுற்றியது. நான் மேடையில் கத்தினதையும் சேர்த்துத்தான். பாரிவாக்கம் ஜிம்மில் ஒரு ஐடிக்காரர் அதைக் காட்டிச் சிரித்தாராம். அதற்கும் நான்தான் காரணம்.

இப்போது மறுபடியும் போட்டி வருகிறது. இந்த முறை பூந்தமல்லி பக்கம். மாஸ்டர் அதே திட்டத்தைத்தான் கொடுத்திருக்கிறார், ஒரு நாள் கூடுதலாக. நான் வரமாட்டேன் என்று சொன்னேன். “வராட்டிப் போ, வேற ஆளு கீறான்” என்றான். இரண்டு நாள் அதை யோசித்தேன். நான் போகாவிட்டால், கொடுக்காதே என்றால் கொடுக்காத எவனோ போவான். அதனால் நேற்றுச் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

“நா வரேன். ஆனா நீ கேட்டாலும் கேக்காட்டியும் தண்ணி குடுப்பேன்.”

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மா கரண்டியோடு நின்றாள்.

“குட்ச்சிட்டே ஏறறேன்,” என்றான் கடைசியில். “உப்பும் துன்றேன். டாக்டரம்மா சொன்னது எனக்கும் காதுல வுழுந்துச்சு. நா ஒண்ணும் செவுடு இல்ல. ஆனா தோத்துட்டேன்னு வெச்சுக்க, ஆயுசுக்கும் உன்கிட்டப் பேச மாட்டேன்.”

“பேசாத. எதிர்க்க உக்காந்து பேசாம இரு. எனக்கு அது போதும்.”

“மாஸ்டர்கிட்ட நீதான் சொல்லணும்.”

“சொல்றேன்.”

இன்று சாயந்திரம் ஹார்டுவேர் கடை மாடி ஏற வேண்டும். காலையிலிருந்து இரண்டு தடவை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து கேஸ் அடுப்பைப் பார்த்துவிட்டேன், அது என் வழக்கம். கோபம் மட்டும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும்.